ஒரு புராஜெக்ட், மூணு புரோகிராம்: எங்க வைக்கிறது?

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஒரே நோக்கத்துக்காக நடக்கற பல புராஜெக்டைச் சேர்த்து ஒருத்தர் பொறுப்புல வச்சா, அந்தத் தொகுப்புக்குப் பேர்தான் புரோகிராம். இப்போ ஒரு புராஜெக்ட் இருக்கு. மூணு புரோகிராம் மேனேஜர் இருக்காங்க. மூணு பேருமே "இது எங்களோடது"ன்னு சொல்றாங்க, மூணு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா புராஜெக்ட் வேலையைப் பதிவு பண்ற சாஃப்ட்வேரைத் திறந்தா, புரோகிராம்ங்கிற இடத்துல ஒரே ஒரு பேரைத்தான் போட முடியுது. யார் பேரைப் போடறது? இன்னைக்கு இதை மட்டும்தான் பேசப்போறோம்.

சும்மா பொதுவா பேசினா மண்டைல ஏறாது, அதனால இப்போ நிறைய கம்பெனில நடந்துட்டு இருக்கற ஒரு வேலையையே எடுத்துக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஒருத்தரோட தகவலை அவர் சம்மதத்தோட எடுக்கறீங்கன்னா, எதுக்கு எடுக்கறோம்னு தெளிவா சொல்லணும். அந்த அறிவிப்பை இங்கிலீஷ்லயோ, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல இருக்கற 22 மொழில எதுலயோ அவர் படிக்க வழி இருக்கணும். சம்மதம் கொடுக்கறது எவ்வளவு சுலபமோ, அதே அளவு சுலபமா திரும்ப வாங்கிக்கவும் முடியணும். சட்டத்துல இருக்கற அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

இப்போ ஒரு ரீடெயில் கம்பெனி, மொபைல் ஆப்ல புதுசா ஒரு சம்மதப் பக்கம் கட்டறாங்கன்னு வச்சுக்கோங்க. கம்பெனி சட்டப்படி நடக்குதான்னு பார்த்துக்கற சட்ட இணக்கப் புரோகிராம் "கெடு எங்களுக்குத்தான்"னு சொல்லும். ஆப் மேம்பாட்டுப் புரோகிராம் "கோட் எழுதற ஆளுங்க எங்க ஆளுங்க"ன்னு சொல்லும். மார்க்கெட்டிங் புரோகிராம் "யாருக்கு மெசேஜ் அனுப்பலாம், யாருக்கு அனுப்பக்கூடாதுன்னு அந்தப் பக்கம்தானே முடிவு பண்ணுது"ன்னு சொல்லும்.

இங்கதான் பெரும்பாலான டீம் அந்த வேலையைப் பண்றாங்க: புராஜெக்டைக் காப்பி எடுத்து ஆளுக்கு ஒண்ணு. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. முதல் வாரம் மூணும் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு காப்பில தேதி மாறும், இன்னொண்ணுல மாறாது. ஸ்டேட்டஸ் ஒண்ணுல "பச்சை"ன்னு, அதாவது சரியாப் போகுதுன்னு இருக்கும், ஒண்ணுல "மஞ்சள்"னு, அதாவது கவனிக்கணும்னு இருக்கும். ரிவ்யூ மீட்டிங்ல பாதி நேரம் எந்த ஷீட் சரின்னு பேசறதுலயே போயிடும். பணக் கணக்கு இன்னும் மோசம். புராஜெக்ட் செலவு 40 லட்சம்னு வைங்க. மூணு புரோகிராமும் அதைத் தன் கணக்குல கூட்டினா, மேல உட்கார்ந்திருக்கறவங்க டேஷ்போர்டுல அது 1 கோடியே 20 லட்சமா நிக்கும். அதைப் பார்த்து அவங்க வேற ஒரு நல்ல புராஜெக்டை நிறுத்திடுவாங்க. நான் இதுல இவ்வளவு அழுத்தமா பேசறதுக்குக் காரணமே அதுதான்.

ரேஷன் கார்டுல ஒருத்தர் பேர் ஒரு குடும்பத்துலதான் இருக்க முடியும். ஆனா எந்தச் சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கும் அவர் போகலாம். புராஜெக்டையும் அப்படித்தான் வைக்கணும். ஒரே ஒரு தாய் புரோகிராம். இந்தப் புராஜெக்ட்ல இருந்து ஏதாவது தேவைப்படற மத்ததெல்லாம் சார்ந்த புரோகிராம். தாய், சார்ந்தங்கிற இந்த ரெண்டு சொல்லையும் நான் வீடியோ முழுக்கப் பயன்படுத்தப் போறேன்.

சரி, தாய் யாருன்னு எப்படி முடிவு பண்றது? நான் கேக்கற கேள்வி ஒண்ணுதான். இந்தப் புரோகிராமை நாளைக்கே ரத்து பண்ணிட்டா, இந்தப் புராஜெக்ட் நின்னுபோயிடுமா, தொடர்ந்து நடக்குமா? நம்ம உதாரணத்துல போட்டுப் பாருங்க. மார்க்கெட்டிங் புரோகிராம் ரத்தாயிடுச்சு. சம்மதப் பக்கம் அப்பவும் வேணும். ஆப் மேம்பாடு ரத்தாயிடுச்சு. இருக்கற பழைய ஆப்லயாவது அந்தப் பக்கத்தைக் கட்டியே ஆகணும். சட்ட இணக்கம்ங்கிற தேவையே இல்லைன்னா? யாரும் இதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. அப்போ தாய் அதுதான்.

வேலை பார்க்கற ஆளுங்க எந்த டீம்ங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆளுங்க கணக்கு வேற, பொறுப்புக் கணக்கு வேற. ஆளை வச்சு முடிவு பண்ணினா கம்பெனில பாதி புராஜெக்ட் ஐடி டீம் தலைலதான் போய் விழும், அப்புறம் புரோகிராம்னு பிரிச்சதுக்கே அர்த்தமில்ல.

இப்போ டூலுக்கு வரேன். ஸ்கிரீன்ல பாருங்க, இது அடோபி வொர்க்ஃப்ரண்ட், புராஜெக்ட் வேலையை நிர்வகிக்கற ஒரு சாஃப்ட்வேர். இங்க போர்ட்ஃபோலியோன்னு ஒரு பெரிய தொகுப்பு, அதுக்குள்ள புரோகிராம், அதுக்குள்ள புராஜெக்ட். ஒரு புராஜெக்டுக்கு ஒரு நேரத்துல ஒரே புரோகிராம்தான். நிறைய பேர் இதைக் குறையா சொல்றாங்க. என் பார்வைல இது சரியான கட்டுப்பாடு, அந்தப் பணக் கணக்கு ரெட்டிப்பாகாம காப்பாத்தறதே இதுதான்.

சார்ந்த புரோகிராமுக்கு என்ன பண்றது? புராஜெக்டுக்கு ஒரு கஸ்டம் ஃபார்ம், அதாவது நமக்கு வேணும்ங்கற கட்டங்களை நாமே வைக்கற படிவம், போடுங்க. அதுல "சார்ந்த புரோகிராம்"னு ஒரு ஃபீல்டு, ஒண்ணுக்கு மேல தேர்ந்தெடுக்கற மாதிரி. கையால டைப் பண்ற ஃபீல்டா வைக்கவே வைக்காதீங்க. ஒருத்தர் "மார்க்கெட்டிங்"னு போடுவார், இன்னொருத்தர் "மார்க்கெட்டிங் 2"ன்னு போடுவார், ஃபில்டர்ல பாதி காணாமப் போயிடும். பட்டியல்ல இருக்கற பேர்தான், அதுவும் பட்டியல்ல புதுப் பேர் சேர்க்கற அதிகாரம் ஒருத்தர்கிட்டதான்.

அப்புறம் ஒவ்வொரு புரோகிராம் மேனேஜருக்கும் ஒரு டேஷ்போர்டு. அதுல ரெண்டே ரிப்போர்ட். மேல, அவங்க சொந்தப் புராஜெக்டுங்க. கீழ, சார்ந்த புரோகிராம் ஃபீல்டுல அவங்க பேர் இருக்கற புராஜெக்டுங்க. பணத்தோட கூட்டுத்தொகை மேல இருக்கற ரிப்போர்ட்ல மட்டும் வரணும். கீழ தேதி, ஸ்டேட்டஸ், பொறுப்பாளர் பேர், அவ்வளவு போதும். எல்லாப் புரோகிராமையும் ஒரே ரிப்போர்ட்ல குரூப் பண்ணிக் காட்டணும்னு ஆசைப்படாதீங்க; ஒண்ணுக்கு மேல மதிப்பு இருக்கற ஃபீல்டை வச்சு குரூப் பண்றது வில்லங்கம். தனித்தனி ஃபில்டர்தான் நிம்மதி.

ஆசானான்னு இன்னொரு டூல், அதுல கதை வேற. அங்க ஒரே புராஜெக்டை ஒண்ணுக்கு மேற்பட்ட போர்ட்ஃபோலியோல சேர்க்கலாம். காப்பி ஆகாது, அதே புராஜெக்ட்தான் எல்லா இடத்துலயும் தெரியும். ஸ்டேட்டஸ் ஒரு தடவை எழுதினா போதும். டாஸ்க்கையும், அதாவது புராஜெக்டுக்குள்ள இருக்கற தனித்தனி வேலையையும், இப்படி 20 புராஜெக்ட் வரைக்கும் சேர்க்கலாம். ரொம்ப அழகான வசதி. ஆனா ரெண்டு விஷயம் கவனம். டாஸ்க் இருக்கற எந்தப் புராஜெக்டைப் பார்க்க அனுமதி இருந்தாலும், அந்த டாஸ்க்கைப் பார்த்துடலாம். வக்கீல் டீம் உள்ளுக்குள்ள எழுதின கமென்ட் மார்க்கெட்டிங் கண்ணுலயும் படும். ரெண்டாவது, "நம்ம புராஜெக்ட்ல இருந்து எடுக்கறேன்"னு நினைச்சு டெலீட்டை அமுக்கினா எல்லா இடத்துலயும் போயிடும். எடுக்கறது வேற, அழிக்கறது வேற. டீம்ல எல்லாருக்கும் ஒரு தடவை காட்டிக் கொடுத்துடுங்க. ஆசானா தாய் யாருன்னு கேக்காது. அதனால "தாய் புரோகிராம்"னு ஒரு ஃபீல்டு நீங்களே வச்சாகணும், அங்க ஒரே ஒரு தேர்வுதான்.

மூணாவது டூல் ஜிரா. அங்க ஒரு டிக்கெட், அதாவது பதிவு பண்ற ஒவ்வொரு வேலையும், ஒரே புராஜெக்ட்லதான் பிறக்கும், அதோட நம்பர் முன்னாடி இருக்கற எழுத்தே அதைச் சொல்லிடும். லேபிள் போட்டு, ஃபில்டர் கட்டி, அந்த ஃபில்டர் மேல ஒரு போர்டு வச்சா பல புராஜெக்டோட வேலையும் ஒரே இடத்துல வந்துடும். ஜிராவோட பிரீமியம் சந்தா இருந்தா, பல புராஜெக்டோட திட்டத்தைச் சேர்த்துப் பார்க்க பிளான்ஸ்னு தனி வசதியே இருக்கு.

எந்த டூலா இருந்தாலும் நான் விடாப்பிடியா கேக்கற ஒரு விஷயம் இருக்கு. சார்ந்த புரோகிராம்னு பேர் போட்டா மட்டும் போதாது. பேர் போடறவங்க ஒரு வரி எழுதணும்: எங்களுக்கு இதுல இருந்து என்ன வேணும், எந்தத் தேதிக்குள்ள வேணும். மார்க்கெட்டிங் எழுதறாங்கன்னு வைங்க: "சம்மதம் திரும்ப வாங்கினவங்க பட்டியல் தினமும் எங்க சிஸ்டத்துக்கு வரணும், பண்டிகை விற்பனைக்கு ஒரு மாசம் முன்னாடி." பாருங்க, இந்த ஒரு வரில வேலையே தெளிவாயிடுச்சு. தாய் புரோகிராம் மேனேஜர் தேதியை மாத்தும்போது யார்கிட்ட சொல்லணும்னு தெரியுது. அந்த ஒரு வரியை எழுத முடியலைன்னா, உங்களுக்கு அந்தப் புராஜெக்ட் மேல ஆர்வம் இருக்கு, தேவை இல்ல. பேரை எடுத்துடுங்க. இந்த விதி வந்தாலே பட்டியல் தானா சுருங்கிடும்.

சில சமயம் சண்டை தீரவே தீராது. அப்போ அது ஒரு புராஜெக்ட்தானான்னு பாருங்க. நம்ம உதாரணத்துல அறிவிப்பை 22 மொழிக்குக் கொண்டுபோற வேலை. அதுக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும், ஒவ்வொரு மொழியையும் சட்ட டீம் சரிபார்க்கணும், சொற்கள் மாறும்போதெல்லாம் திரும்பப் பண்ணணும். பொறுப்பாளர் வேற, முடியற தேதியும் வேற. அப்போ அதைத் தனிப் புராஜெக்டாப் பிரிங்க. முதல்ல கட்டற பக்கத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு டிபென்டென்சி, அதாவது ஒண்ணு இன்னொண்ணை நம்பி இருக்குங்கற இணைப்பு, போடுங்க.

இன்னொண்ணு, தாய் புரோகிராம் முடிஞ்சுபோச்சு, புராஜெக்ட் முடியலைன்னா? சட்ட இணக்கப் புரோகிராமை மூடிடுவாங்க, ஆனா சம்மதப் பக்கத்துல வேலை பாக்கி இருக்கும். அப்போ அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க, புதுத் தாய் யாருன்னு முடிவு பண்ணுங்க, மாத்தின தேதியையும் மீதிப் பட்ஜெட்டையும் புராஜெக்ட்லயே எழுதி வச்சுட்டு, அதுக்கப்புறம் பழைய புரோகிராமை மூடுங்க. இந்த வரிசை மாறக்கூடாது.

அடுத்த வீடியோல ஜிரா பிளான்ஸை மட்டும் முழுசா கட்டிக் காட்டறேன். உங்க கம்பெனில எந்த டூல்னு சொல்லுங்க, அதுல இந்த ஃபீல்டு ரெண்டையும் எப்படிப் போடறதுன்னு சேர்த்தே பார்த்துடலாம். வரேன் மக்களே.