வாயைத் திறக்காமல் குட்டியைக் கூப்பிடும் அம்மா! முதுகு முள்ளில் ஒரு வாத்தியம்

[சீப்பின் பற்களில் நகத்தை இழுக்கும் சத்தம்]

கேட்டதா? இது என் மனைவியின் சீப்பு. சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறேன், அதனால் வீடியோவைச் சீக்கிரம் முடித்தாக வேண்டும். இதே மாதிரி முதுகு முள்ளை உரசிக் குட்டியைக் கூப்பிடுகிற ஒரு பாலூட்டி இருக்கிறது. பெயர் வரி டென்ரெக்.

[திரையில்: இலைச்சருகில் மூக்கை நுழைக்கும் டென்ரெக்]

ஊர், மடகாஸ்கரின் கிழக்குப் பக்க மழைக்காடு. கறுப்பு உடம்பில் மஞ்சள் வரி, தலையில் முள் கிரீடம், நீண்ட மூக்கு. மொத்தமே ஒரு சாண் வராது. சாப்பாடு மண்புழு. அறிமுகம் அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருவோம்.

முதுகின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு திட்டு. அங்கே இருக்கும் முட்கள் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கும், யாரையும் குத்துவதற்கில்லை. அடியில் உள்ள தசை துடிக்கும்போது முட்கள் ஒன்றோடொன்று உரசும், சத்தம் வரும். சுவர்க்கோழி இறக்கையை உரசும். சுருட்டை விரியன் செதிலை உரசும். பாலூட்டிகளில் இப்படி உரசிச் சத்தமெழுப்புவது வரி டென்ரெக் மட்டுந்தான்!

நம்ம ஊர் முள்ளம்பன்றியும் வால் முள்ளைச் சலசலக்க வைக்குமே என்று கமெண்டில் வருவீர்கள். வரும், ஆனால் அது 'கிட்டே வராதே' என்கிற மிரட்டல். இங்கே நடப்பது பேச்சு. இருட்டு, மழை ஈரம், சருகுக்குள் புழுவைத் தேடி அம்மா ஒரு பக்கம் போக, குட்டிகள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிடும். வாய் புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, முதுகு பாட்டுக்கு 'இங்கேதான் இருக்கிறேன், வா' என்று சொல்லிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது பேசாதே என்று திட்டு வாங்கி வளர்ந்த எனக்கு உண்மையிலேயே பொறாமைதான்.

அதிலும் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸில் கடையைச் சாத்திவிடும். வௌவால் சத்தத்தைப் பிடிக்கிற கருவியை நீட்டினால்தான் காடு பேசுவது தெரியும்.

எதிரி வந்தால்? கிரீடத்தைச் சிலிர்த்து, தலையை மேல்நோக்கி வெடுக்கென்று இடிக்கும். கொக்கி வைத்த முள் கழன்று எதிரியின் மூக்கில் தங்கிவிடும். முள்ளை எய்வதெல்லாம் இல்லை, முள்ளம்பன்றியும் எய்யாது. பழைய தமிழில் அதற்கு எய்ப்பன்றி என்று பெயர் இருந்தும்!

வளர்ச்சியும் அவசரம். பெண் குட்டி ஐந்து வாரத்தில் தாயாகத் தயாராகிவிடும். அந்த வயதில் கோழிக்குஞ்சு இன்னும் தாய்க்கோழியின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், பார்க்க நம்ம தேரிக்காட்டு முள்ளெலி மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். முள்ளெலியைவிட யானைக்கும், பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவுக்கும்தான் இது நெருங்கிய சொந்தம். கல்யாணப் பந்தியில் மூன்று பேரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து யோசித்துப் பாருங்கள்.

[உள்ளே இருந்து குரல்: "சீப்பு எங்கே?"]

சரி, லைக் போட்டுவிடுங்கள், நான் ஓடுகிறேன்.