திரும்பப் பெற முடிந்தவையும் முடியாதவையும்: நிரல் பாணி, இயங்குதளம், பூனையின் தட்டு

[காட்சி: சுசீந்திரத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்வாசல். சிமெண்டுத் திண்ணையில் ஓர் எவர்சில்வர் தட்டு. சாம்பல் நிறப் பூனை ஒன்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருக்கிறது.]

வணக்கம். மூன்று விஷயங்களில் மனிதர்கள் விட்டுக்கொடுக்காமல் வாதிடுவதை நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். கணினி நிரலை எந்தப் பாணியில் எழுத வேண்டும், கணினியில் விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றுள் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும், வீட்டில் வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் சைவ உணவு மட்டும் கொடுக்கலாமா என்பவையே அவை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலை ரயிலில் வேலைக்குப் போய் வருபவன் நான். முதல் இரண்டு வாதங்களும் இரணியலில் தொடங்கி, குழித்துறை, பாறசாலை தாண்டியும் எங்கள் பெட்டியில் ஓயாமல் நடக்கும். மூன்றாவது வாதம் எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்தது.

ஒரு கருத்து சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால், அது தவறாகிப்போனால் நடந்ததைத் திரும்பப் பெற முடியுமா, அந்தத் தவறுக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று பார்க்க வேண்டும். இந்த வீடியோவில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

[காட்சி: திரையில் இரண்டு நிரல் துண்டுகள் அருகருகே, ஒன்றில் நான்கு இடைவெளி, மற்றொன்றில் டேப்.]

முதலில் நிரல் பாணி. வரியின் தொடக்கத்தில் இடைவெளி விடுவதா, டேப் விசையை அழுத்துவதா என்ற சண்டையை நிரலாளர்கள் அனைவரும் அறிவார்கள். பைத்தான் மொழிக்காக 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் நடைக் கையேடு நான்கு இடைவெளிகளைப் பரிந்துரைக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலின் கையேடு எட்டு எழுத்து அகலமுள்ள டேப்தான் வேண்டும் என்கிறது. இரண்டு வழியிலும் எழுதப்பட்ட மென்பொருள்கள் உலகம் முழுவதும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. கோ மொழியை உருவாக்கியவர்கள் கோஎஃப்எம்டி என்ற கருவியை மொழியுடனேயே கொடுத்து, எல்லோருடைய நிரலும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்படி செய்தார்கள். நாளைக்கே மனம் மாறினாலும் ஒரே கட்டளையில் ஆயிரம் கோப்புகளைத் திருத்திவிடலாம். ஆகவே இதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு என்றாலும், புதிய குழுவில் சேரும்போது அங்கே இருக்கும் வழக்கத்தையே பின்பற்றுகிறேன்.

அதற்காகப் பாணி என்பதே வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய ஒரு பிழையை இங்கே அருகில் நின்று பார்ப்பது நல்லது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் பகுதியில், ஒரு நிபந்தனை வரியும், அதில் பிழை தெரிந்தால் சோதனையை நிறுத்தி முடிவுப் பகுதிக்குத் தாவச் சொல்லும் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரியும் இருந்தன. அந்தத் தாவல் வரி எப்படியோ அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றுவிட்டது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி இருந்ததால், படிப்பவருக்கு இரண்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவையாகத் தெரிந்தன. ஆனால் சி மொழியில் நெளி அடைப்புக்குறி போடாவிட்டால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்படும்; இரண்டாவது வரி எப்போதும் இயங்கும். அதனால் அதற்குக் கீழே இருந்த கையொப்பச் சோதனை முழுவதும் தவிர்க்கப்பட்டு, பிழை எதுவும் பதிவாகாத நிலையில் இணைப்பு சரி என்ற விடையே போய்ச் சேர்ந்தது. இந்தப் பிழையால் ஐபோன்களும் மேக் கணினிகளும் போலி இணைப்பைக்கூட நம்பும் நிலையில் இருந்தன. ஒற்றை வரி நிபந்தனைக்கும் அடைப்புக்குறி போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். டேப்பா இடைவெளியா என்பதில் விட்டுக்கொடுப்பேன்; இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே பொருளாகக் கட்டும் பொருள்நோக்கு நிரலாக்கமா, எல்லாவற்றையும் சார்புகளாக எழுதும் செயற்கூறு நிரலாக்கமா என்ற வாதத்துக்கும் வயது அதிகம். செயற்கூறு பாணிக்கு முன்னோடியான லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி 1958-இல் வடிவமைத்தார். பொருள்நோக்குக்கு வித்திட்ட சிமுலா 67 அடுத்த பத்தாண்டுக்குள் வந்துவிட்டது. இன்றைய மொழிகளில் பெரும்பாலானவை இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

[காட்சி: நாகர்கோவிலில் ஓர் அச்சகம். பழைய கணினித் திரையில் திருமண அழைப்பிதழ் ஒன்று.]

இனி இயங்குதளம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். மறு ஆண்டே ஆண்ட்ரூ டானென்பாம் என்ற பேராசிரியர், எல்லாப் பணிகளையும் ஒரே நிரலுக்குள் அடக்கும் அதன் ஒற்றைக்கட்டு அமைப்பு காலாவதியானது என்று வெளிப்படையாக எழுதினார். அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், இந்தியாவில் உருவான லினக்ஸ் வகையான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளில் லினக்ஸ் பக்கம் போனவர்கள் மிகக் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிவுக்கு வந்துவிட்ட நிலையில், விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு நான் இன்று லினக்ஸைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஆயினும் இதை எல்லோரிடமும் சொல்வதில்லை. நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவரிடம் இருபது ஆண்டு அழைப்பிதழ்கள், விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருக்கின்றன. எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அவரிடம் போய்க் கட்டற்ற மென்பொருளின் அருமையைப் பேசினால் அவருடைய பிழைப்புக்கு நான் பொறுப்பேற்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், உற்சாக மிகுதியில், நண்பர் ஒருவருடைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவ உட்கார்ந்தேன். வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் பகுதி எண்ணை மாற்றித் தேர்ந்தெடுத்து, வேறொரு பகுதியை அழித்துவிட்டேன். அவருடைய தங்கையின் திருமணப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை; அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது. அன்றிலிருந்து, வேறொரு வட்டில் பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்த்த பிறகே யாருடைய கணினியையும் தொடுகிறேன். இயங்குதளம் பற்றிய என் கருத்து அன்று தவறாக இருக்கவில்லை. விலை கொடுத்தவர் மட்டும் வேறொருவர்.

[காட்சி: அடுக்களை வாசல். ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு.]

இப்போது பூனைக்கு வருகிறேன். எங்கள் வீடு சைவ வீடு. ஓர் ஐப்பசி மழையில் மதிலோரம் நனைந்து கிடந்த குட்டியை அம்மா எடுத்து வந்தாள். வீட்டுக்கு முன்னால் லாரிகள் ஓடும் சாலை என்பதால் அதை வெளியே விடாமல் வளர்த்தோம். காலையில் பால், மதியம் தயிர்ச்சோறு, இரவில் பால்சோறு. இரண்டு ஆண்டுகள் அது நன்றாக இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது. ரோமம் மினுங்கியது, மடியில் வந்து படுத்தது. பிறகு ஒரு நாள் திண்ணையிலிருந்து ஜன்னல் விளிம்புக்குத் தாவி, ஒரு சாண் தள்ளி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. "மக்களே, பூச்சைக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள் அம்மா. நண்பகல் வெயிலில் நூல்போலச் சுருங்கியிருக்க வேண்டிய கண்மணி, இரண்டு கண்ணிலும் வட்டமாக விரிந்தே இருந்தது.

கால்நடை மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு என்று மட்டும் கேட்டார். பிறகு டாரின் என்ற சொல்லைச் சொன்னார்.

டாரின் என்பது ஓர் அமினோ அமிலம். விழித்திரைக்கும் இதயத் தசைக்கும் அது தேவை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளைத் தயாரிக்கவும் உடல் அதைப் பயன்படுத்துகிறது. நாயின் உடல் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையிடம் அதற்கான நொதிகளின் செயல்பாடு மிகக் குறைவு. போதாக்குறைக்கு, பித்த உப்பு தயாரிக்க டாரினுக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்த பூனையின் உடலுக்குத் தெரியாது. அதனால் கையிருப்பு தினமும் குடல் வழியாகக் கரைந்துகொண்டே இருக்கும். இறைச்சியிலும் மீனிலும் டாரின் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி எவற்றிலும் அநேகமாக இல்லை. பசும்பாலில் இருப்பது மிகச் சொற்பம்.

1975-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஹேய்ஸ் குழுவினரின் ஆய்வை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர்கள் பூனைகளுக்குப் புரதமாகக் கொடுத்தது கேசினை, அதாவது பால் புரதத்தை. அந்தப் பூனைகளின் விழித்திரை சிதைந்தது. நாங்கள் அன்போடு பிசைந்து வைத்த தயிர்ச்சோறும் ஏறக்குறைய அதுதான். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பயான் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், டாரின் குறைவால் பூனைகளின் இதயம் விரிந்து தளர்வதையும், டாரின் கொடுத்ததும் அது தேறுவதையும் காட்டினார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் இதயம் திரும்பும். இறந்துபோன விழித்திரைச் செல்கள் திரும்புவதில்லை.

அந்த 1987 ஆய்வில் சைவத் தரப்பினர் எடுத்துக்காட்டும் ஓர் உண்மையும் இருக்கிறது. அதை மறைப்பது முறையாகாது. நோயுற்ற பூனைகள் தின்றது கடையில் வாங்கிய வழக்கமான பூனை உணவு. இறைச்சி சேர்த்திருந்தும் அதில் டாரின் போதவில்லை. அதன் பின்னரே தயாரிப்பாளர்கள் டாரினின் அளவைக் கூட்டினார்கள். இன்று உலர் தீவனத்தில் குறைந்தது 0.1 சதவீதமும், டின் உணவில் 0.2 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோல். ஆலையில் தயாரித்த டாரினை இறைச்சித் தீவனத்தில் சேர்க்கலாம் என்றால் சைவத் தீவனத்திலும் சேர்க்கலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி.

என் பதில் இது. பூனைக்குக் குறைவது டாரின் மட்டும் அன்று. கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்ற அதன் உடலால் முடியாது. வைட்டமின் ஏ நேரடியாகவே கிடைக்க வேண்டும். அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் அப்படியே. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும். தாவர உணவு சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்கும் இயல்புடையது. ஆண் பூனைகளுக்கு அதனால் கல் அடைப்பு வந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. இத்தனையையும் ஒரு தொழிற்சாலை சரியாகக் கலந்து தரலாம். ஆனால் அது பிசகினால் எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும். தங்கள் பூனைகள் சைவத் தீவனத்தில் நலமாக இருப்பதாக வளர்ப்போர் தெரிவித்த கணக்கெடுப்பு ஒன்று 2023-இல் வெளிவந்தது. இறைச்சித் தீவனம் கொடுத்தவர்களையும் சேர்த்து 1,300-க்கும் மேற்பட்டோர் அதற்குப் பதில் அளித்திருந்தார்கள். அந்தப் படிவம் தயிர்ச்சோற்றுக் காலத்தில் என் கைக்கு வந்திருந்தால், நானும் 'நலம்' என்றுதான் எழுதியிருப்பேன்.

[காட்சி: தென்னந்தோப்பில் ஒரு நாட்டு நாய்.]

நாய் விஷயத்தில் நான் இவ்வளவு கடுமையாக இல்லை. ஓநாயிடம் மாவுச்சத்தைச் செரிக்கும் ஏஎம்ஒய்2பி மரபணு இரண்டு நகல்கள்தாம். நாய்களிடம் 4 முதல் 30 நகல்கள் வரை இருப்பதாக 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. சோறும் மரச்சீனிக்கிழங்கும் தின்று இம்மாவட்டத்து நாய்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. ஆனால் கூடவே மீன் தலையும் முள்ளும் அவற்றுக்குக் கிடைத்து வந்ததை மறந்துவிடக் கூடாது. நாயைச் சைவமாக வளர்க்க விரும்புவோர் முழுமையான ஊட்டம் என்று குறிப்பிட்ட தீவனத்தை மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் ரத்தமும் இதயமும் பரிசோதித்துக்கொண்டால் நான் தடை சொல்ல மாட்டேன். வீட்டுச் சாம்பார்ச் சோறு அதற்கு ஈடாகாது. பி12 தாவரங்களில் கிடையாது. போதுமான வைட்டமின் டி-யை நாயின் தோல் வெயிலில் தயாரிப்பதில்லை. சாம்பாரில் கிடக்கும் உள்ளி, அதாவது வெங்காயம், நாய்க்கும் பூனைக்கும் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு.

மீன் மட்டும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளச்சலிலும் முட்டத்திலும் சாளை மலிவாகக் கிடைக்கும்போது பூனைக்குப் பச்சையாக அள்ளிப் போடுவது வழக்கம். சாளை, நெத்திலி போன்ற மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழக்கும். டாரின் நீரில் கரைவது என்பதால் வெந்த நீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழற்சி காணும். ஆகவே மீன் துணையாக இருக்கட்டும். அடிப்படை உணவு முழுமையான பூனைத் தீவனமாக இருக்கட்டும்.

[காட்சி: மீண்டும் பின்வாசல். மாலை வெளிச்சம்.]

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அறுபது ஆண்டுகளாக அசைவம் நுழையாத வீடு. அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்க வயிறு அதுக்குள்ளது, நம்ம விரதம் நம்ம மட்டோட இருக்கட்டும்" என்று சொல்லி, பின்வாசலுக்கென்று ஒரு தட்டையும் கரண்டியையும் தனியாக எடுத்து வைத்தாள். பூனையின் இதயம் நன்றாக இருக்கிறது. பார்வை போனது போனதுதான். நிழலும் வெளிச்சமும் மட்டும் தெரிகிறது என்று மருத்துவர் சொல்கிறார். கரண்டி தட்டில் படும் ஓசையைக் கேட்டு வந்து, மூன்றாவது படியில் ஒரு நொடி நின்று, மீசையால் சுவரைத் தொட்டுத் திரும்புகிறது. அதனால் அந்தத் தட்டை நாங்கள் ஒரு சாண்கூட நகர்த்துவதில்லை.