இரத்தத்தில் தேடுவதும் முளையில் கிள்ளுவதும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய சுகாதார வைத்திய அதிகாரி அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அதிபர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த அறங்காவலர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். வாசலில் தேநீர் ஊற்றும் தம்பிமாருக்கும் என் நன்றி.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை இரத்த டிஎன்ஏ மூலம் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சோதனை என்ன, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று மூன்று விஷயம் சொல்கிறேன்.

என் அம்மம்மா அடிக்கடி சொல்வார்: "முளையிலே கிள்ளாததை முற்றினால் கோடாலி கொண்டுதான் வெட்டவேண்டும்." தாதியாக வேலை செய்த காலம் முழுக்க இந்தப் பழமொழியைத்தான் வார்டில் கண்ணால் பார்த்தேன்.

சரி, சோதனைக்கு வருவோம். புற்றுநோய்க் கலங்கள் அழியும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் இப்படித் துண்டுகள் மிதப்பதை 1948இலேயே கண்டுவிட்டார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே உடலுறவால் தொற்றும் எச்பிவி என்ற வைரஸால் வருவது. 16, 18 என்ற இரண்டு வகை மட்டுமே நூற்றுக்கு 70 அளவுக்குக் காரணம். ஆகவே, கட்டி உதிர்த்த துண்டுகளோடு அந்த வைரஸின் டிஎன்ஏ வருகிறதா என்று ஒரு குழாய் இரத்தத்தில் தேடலாம். கதிர்ச் சிகிச்சை முடிந்த பிறகும் அது தென்பட்டால், நோய் எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில் இருக்கிற விஷயம்தான். ஆனாலும் நான் மனதார வரவேற்கிறேன்.

ஏன் தெரியுமா? எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்ற ஓர் அக்கா இருந்தார். விடிய மூன்று மணிக்கு அவர் வீட்டு விளக்கு எரியும். மாதவிடாய் நின்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு இரத்தம் பட்டிருக்கிறது. "வயசுக் கோளாறு" என்று யாரிடமும் சொல்லவில்லை. துணியை இருட்டிலேயே அலசிக் காயப்போட்டிருக்கிறார். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உனக்கு மட்டும் சொல்லுறன்" என்றார். அதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. அப்புறம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், கதிர்ச் சிகிச்சை. சிகிச்சை முடிந்த பிறகும் கிளினிக் அட்டையை இடியப்ப உரலோடு ஒரே தகரப் பெட்டியில் வைத்திருப்பார். என்னைக் கண்டால் ஒரே கேள்வி: "முழுக்கப் போயிட்டுதோ?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்த இரத்தச் சோதனை, சகோதரிகளே. கோடாலி போட்ட பிறகு வேர் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது.

அந்த அக்காவின் மகளுக்கு இப்போது 38 வயது. போன மாதம் ஒரு தனியார் ஆய்வுகூட அறிக்கையோடு வந்தாள். "இரத்தத்தில ஒண்டுமில்லை அன்ரி, இனி பாப் செய்யத் தேவையில்லைத்தானே?" பாப் என்பது கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் சோதனை. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. புற்றுநோயாகுமுன் முளை நிலையில் இருக்கும் மாற்றங்கள் இரத்தத்துக்குள் எதையும் அனுப்புவது அபூர்வம். தொடக்கப் புற்றுநோயே தப்பிவிடலாம். வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருஷம் எடுக்கும். கிள்ளுவதற்கு அத்தனை வருஷம் கிடைக்கிறது. ஆனால் முளையைக் கருப்பைக் கழுத்தில் நேரே எடுத்த மாதிரியில்தான் பார்க்கமுடியும். அடுத்த நாளே அவளைப் பாப் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் இலங்கையில், இந்தச் சோதனை செய்யும் சுகவனிதையர் கிளினிக் 1996இல் தொடங்கியது. 35 வயதில் ஒரு தரம், 45 வயதில் ஒரு தரம் வரச்சொல்கிறார்கள். ஒரு சதம் கட்டணமில்லை. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்பிவி தடுப்பூசி. அதிபர்மார் இருக்கிறீர்கள், சம்மதக் கடிதம் வீட்டுக்குப் போகும்போது தாய்மாரை அழைத்துத் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

வைத்திய அதிகாரி அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பெண்ணும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் கிழமை நாளில் காலையில் எப்படி வருவார்கள்? ஒரு நாள் சம்பளம் போய்விடுமே! மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கிளினிக்கைத் திறந்து, தமிழ் தெரிந்த மருத்துவமாது ஒருவரை அமர்த்தித் தாருங்கள். இதைக் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். தேநீர் மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். 35 வயது தாண்டியும் இதுவரை போகாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் கூட வருகிறேன்.