கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். பசிபிக் கடலிலுள்ள நவூருத் தீவு நொடித்துப்போகக் காரணம் அந்நியர் சுரண்டலா, சொந்த மக்களின் ஊதாரித்தனமா என்பது கேள்வி. சுரண்டலே என்று வாதாட வந்திருக்கிறேன்.

1899ஆம் ஆண்டு, சிட்னி நகரில் ஒரு வணிக அலுவலகம். அங்கே ஒரு கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள், நம் வீடுகளில் பழைய அம்மிக்குழவியை வைப்போமே, அப்படி. அது நவூருவிலிருந்து வந்த கல். கொண்டுவந்தவர் அதில் பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு செய்யலாம் என்று நினைத்தாராம். கல்லாகிப்போன மரம் என்று சொல்லி அதை மூலையில் போட்டுவிட்டார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளைஞருக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. ஒரு சில்லைப் பெயர்த்துச் சோதித்தார், வயலுக்கு உரமாகும் உயர்தரமான பாஸ்பேட்!

ஐயா, அந்தக் கதவருகே இன்னொரு முறை போய் நில்லுங்கள். கல்லின் விலை சிட்னியில் தெரிந்துவிட்டது. கல்லுக்கு உரியவரோ கடலுக்கு அப்பால் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தெரியாது. வாங்குபவனுக்கு மட்டும் விலை தெரிந்த வியாபாரத்தை நம் ஊர்ச் சந்தையில் என்னவென்று சொல்வோம்? தொடக்கத்தில் நிலத்துக்காரருக்குக் கிடைத்த பங்கு, டன்னுக்கு அரை பென்னி. பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அமைத்த ஆணையம், உலகச் சந்தை விலைக்கும் குறைவாகத் தம் நாட்டு உழவர்களுக்கு அதை அள்ளிக் கொடுத்தது. சத்தற்ற ஆஸ்திரேலிய மண்ணில் கோதுமை விளைந்தது. நவூருவின் நடுமேட்டிலோ பவளச் சுண்ணாம்புக் கூர்முனைகள் மட்டும் எலும்பாக நிற்கின்றன.

எதிரணிச் சகோதரி, "அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், அந்தத் தீவுக்கு ஜெட் விமானங்கள் எதற்கு?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். அம்மா, வெறும் 21 சதுர கிலோமீட்டர் நிலம் அது. ஆறு கிடையாது, இயற்கைத் துறைமுகம் கிடையாது, மிக அருகிலுள்ள பனாபாத் தீவே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. பிள்ளை மேற்படிப்புக்குப் போகவும் நோயாளி பெரிய மருத்துவரைப் பார்க்கவும் அவர்களுக்கு விமானம்தான் டவுன் பஸ். லண்டனில் 1993இல் ஓர் இசை நாடகத்தில் பணம் போட்டு இழந்தது தவறுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாஸ்பேட் சுரங்கம் அவர்கள் கைக்கு வந்ததே 1970இல். அதற்கு முந்தைய அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கணக்கை யார் சொல்வது? நவூரு 1989இல் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வரும் முன்பே, 1993இல், 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர உடன்பட்டு ஆஸ்திரேலியா சமரசம் செய்துகொண்டது. குற்றமே இல்லாதவர் இத்தனை கோடி எடுத்து வைப்பாரா?

அதற்கும் முன்பு, 1960களில், தன் குவீன்ஸ்லாந்துக் கரையோரத்துக் கர்ட்டிஸ் தீவில் குடியேறுங்கள் என்று ஆஸ்திரேலியா அவர்களை அழைத்தது. பசுமையான நிலம், பக்கத்திலேயே ஊர்கள். நவூரு மக்கள் போகவில்லை; போனால் தாம் ஒரு தனி இனமாக இருக்க முடியாமல் கரைந்துபோவோம் என்று மறுத்துவிட்டார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியப் படை 1,200 நவூரு மக்களைப் பசிபிக்கிலேயே உள்ள ட்ரக் என்னும் தீவுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனது. பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் செத்தவர் போக, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர் 737 பேர். கரையில் காத்திருந்த எத்தனை தாய்மார் இறங்கியவர் முகங்களில் தம் பிள்ளையைத் தேடியிருப்பார்கள்! இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து விடுதலை வந்தபோது, நாள் குறிக்க அவர்கள் வேறு தேதி தேடவில்லை. 1968, ஜனவரி 31.