ஸ்பாஞ்சுல கிருமின்னா தட்டை ஏன் வெந்நீர்ல முக்கறீங்க?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசுலயே ஓடிட்டு இருக்கு. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு பொண்ணு எழுதியிருக்காங்க, படிக்கறேன். “மேடம், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல டாய்லெட் சீட்டை விட கிருமி அதிகம்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். அதுலேர்ந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை தேய்ச்சு, வெந்நீர் ஊத்தி, கடைசியில கிருமிநாசினி கலந்த தண்ணியில முக்கி எடுக்கறேன். கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. ஒரு வயசுக் குழந்தை இருக்கறதால பயமா இருக்கு. நான் செய்யறது சரிதானே?”

கை வெடிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கறதைப் படிச்சதும் எனக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா. அவ்வளவும் செய்ய வேண்டியதே இல்ல.

அந்த வீடியோக்காரங்க எதை வெச்சுப் பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். ஜெர்மனியில ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்துல மார்க்குஸ் எகெர்ட்ங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வீடுகள்ல புழங்கின 14 ஸ்பாஞ்சை எடுத்துப் பார்த்திருக்காங்க. சில இடத்துல ஒரு கன சென்டிமீட்டர்ல 5,000 கோடிக்கு மேல பாக்டீரியா. எண்ணிக்கை நிஜம்தான். ஆனா அது என்ன பாக்டீரியாங்கறதை யாரும் சொல்றதில்ல. பெரும்பாலும் தண்ணியிலயும் நம்ம தோல்லயும் சாதாரணமா இருக்கிற வகைங்க. எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடிய சிலதும் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. அதுல மொராக்செல்லான்னு ஒண்ணு. மழைக்காலத்துல துணி காயாம ஒரு முடை நாத்தம் வருமே, அதுக்கும் இதே மொராக்செல்லாதான் காரணம்னு ஜப்பான்ல கண்டுபிடிச்சிருக்காங்க. ஸ்பாஞ்சு நாறுதுன்னா ஈரம் காயலேன்னு அர்த்தம். அவ்வளவுதான்.

டாய்லெட் சீட்டோட ஏன் ஒப்பிடறாங்க? சீட்டு வழவழன்னு இருக்கு, எந்நேரமும் காய்ஞ்சு கிடக்கு, அதுல சாப்பாட்டுத் துணுக்கும் இல்ல. பாக்டீரியா அங்க எதைத் தின்னு பெருகும்? அதோட ஒப்பிட்டா வீட்டுல பாதிப் பொருள் தோத்துப் போயிடும்.

நான் காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுத்தப்போ வருஷா வருஷம் பிள்ளைங்களை இதைச் செய்யச் சொல்லுவேன். பழைய நேயர்களுக்கு இந்தக் கதை தெரியும், பரவாயில்ல, இன்னொரு தடவை கேளுங்க. பஞ்சுக் குச்சியால வீட்டுச் சமையலறையில தொட்டு எடுத்துட்டு வந்து அகார் தட்டுல, அதாவது பாக்டீரியா வளர்க்கிற கூழ் ஊத்தின தட்டுல தடவி, 37 டிகிரியில ஒரு ராத்திரி வைக்கணும். காலையில திறந்து பார்த்தா, கழுவிக் கவிழ்த்து நல்லாக் காய்ஞ்ச எவர்சில்வர் தட்டுலேர்ந்து எடுத்ததுல அங்கங்க ரெண்டு மூணு புள்ளி இருக்கும். ஸ்பாஞ்சுல தனித்தனிப் புள்ளியே தெரியாது, மஞ்சளும் வெள்ளையுமா ஒரே படலம், மூடியைத் தூக்கினாலே வாடை. ஆனா அதையும் மிஞ்சினது எது தெரியுமா? மேடை துடைக்கிற கரித்துணி! பிள்ளைங்க எப்பவும் ஸ்பாஞ்சுதான் ஜெயிக்கும்னு பந்தயம் கட்டுவாங்க. அந்தத் துணிதான் காலையில பால் சிந்தினதைத் துடைக்கும், மத்தியானம் குழம்புச் சட்டியைப் பிடிச்சு இறக்கும், ராத்திரி கழுவின தட்டையும் துடைக்கும். நடுவுல எப்பவாவது காயுதா?

அதனாலதான் திரும்பத் திரும்ப ஈரம், ஈரம்னு சொல்றேன். நார்வேயில பாத்திரம் கழுவ பிரஷ் புழங்கற வழக்கம் உண்டு. அங்க நோஃபிமாங்கற உணவு ஆய்வு நிறுவனத்துல பிரஷ்லயும் ஸ்பாஞ்சுலயும் சால்மொனெல்லாங்கற வயித்துப்போக்கு பாக்டீரியாவை விட்டுப் பார்த்தாங்க. காய வெச்ச பிரஷ்ல அது செத்துப் போச்சு, ஸ்பாஞ்சுல பிழைச்சுக்கிச்சு. வேற மருந்து ஒண்ணும் போடல, காய்ஞ்சதுதான் வித்தியாசம். நம்ம ஊர்ல தேங்காய் நார் இருக்கு, கம்பி நார் இருக்கு. ரெண்டும் உதறி மாட்டினா சீக்கிரம் காஞ்சிடும். ஸ்பாஞ்சுதான் வேணும்னா சோப்பு போக அலசி, ஒட்டப் பிழிஞ்சு, நிமிர்த்தி வைங்க. அந்தச் சோப்பு டப்பாவுக்குள்ளயே தண்ணியில மிதக்க விடாதீங்க. வாடை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. கொதிக்க வெச்சுக் காப்பாத்த வேண்டாம். அந்த ஜெர்மன் ஆய்வுலயே, அடிக்கடி சுத்தம் பண்றோம்னு சொன்னவங்க ஸ்பாஞ்சுலயும் பாக்டீரியா ஒண்ணும் குறைஞ்சிருக்கல.

தட்டு விஷயம் சுருக்கமா. சோப்பு கிருமியைக் கொல்றதை விட, எண்ணெய்ப் பிசுக்கோட சேர்த்து அதைப் பெயர்த்து எடுக்கறதுதான் பெரிய வேலை. ஓடற தண்ணியில அலசினா போயிடும், பச்சைத் தண்ணியே போதும். உங்க கை தாங்கற சூட்டுல பாக்டீரியா சாகாது, கைதான் வெடிக்கும். அலசிக் கவிழ்த்து வைங்க, துணியால துடைக்காதீங்க.

இப்போ நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை சிக்கனை எங்க கழுவறீங்க?

தட்டுல இருக்கிற பாக்டீரியாவை நினைச்சு ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் காய்ச்சறோம், அதே சிங்க்ல பச்சைக் கோழியைக் குழாய்க்கு அடியில பிடிச்சுத் தண்ணியை வேகமாத் திறந்து விடறோம். தெறிக்கிற ஒவ்வொரு துளியும் பக்கத்துக் கூடையில காயற டம்ளர் மேல போய் விழுது. கோழியில கேம்பைலோபேக்டர், சால்மொனெல்லா ரெண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. நிஜமாவே வயித்துப்போக்கு கொண்டு வர்றது இவங்கதான், அதுவும் கேம்பைலோபேக்டர் கொஞ்சமே உள்ள போனாலும் போதும். பிரிட்டன்ல உணவுத் தர நிர்ணய அமைப்பு 2014-லயே கோழியைக் கழுவவே வேண்டாம்னு பிரசாரம் பண்ணாங்க, வேகற சூட்டுல எல்லாம் செத்துடும்னு. நம்ம கடையில வெட்டித் தர்றதுல ரத்தமும் இறகுத் துணுக்கும் இருக்கும், கழுவாதீங்கன்னா யாரும் கேட்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். அப்போ இப்படிச் செய்யுங்க. கூடையை முதல்ல அந்தப் பக்கம் எடுத்து வைங்க. அகலமான சட்டியில தண்ணி ஊத்தி, கறியை உள்ள போட்டு மெதுவா அலசுங்க. தண்ணியைத் தெறிக்காம ஓரமாச் சாய்ச்சு ஊத்துங்க. அந்தக் கையோட மிளகாய்த்தூள் டப்பாவைத் தொடாதீங்க, குழாய்த் திருகையும் தொட வேண்டாம். சோப்பு போட்டுக் கையைக் கழுவி, சிங்க்கையும் தேய்ச்சு விட்டுட்டுத்தான் அடுத்த வேலை. உங்க ரெண்டு தடவைத் தேய்ப்பை இங்க காட்டுங்கம்மா, தட்டுல வேண்டாம்.

கிருமிநாசினியை இன்னிக்கே நிறுத்திடுங்க. குழந்தை வாய் வைக்கிற கிண்ணத்துல அது தங்கறது நல்லதில்ல. பால் புட்டி கொடுக்கறீங்கன்னா அதை மட்டும் கொதிக்க வைங்க. உறிஞ்சற மூடி வெச்ச தண்ணி டம்ளர் இருந்தா, அந்த மூடிக்குள்ள ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். நகத்தால நெம்பி எடுத்துப் பாருங்க, அடியில கருப்பா வழுவழுன்னு இருந்தாலும் இருக்கும். தினமும் அதைக் கழட்டிக் கழுவி, தனியாக் காய விட்டு மாட்டுங்க. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்க.

அடுத்து, தோசை மாவு பொங்கி வழியறதைப் பத்தி மதுரையிலேர்ந்து கேட்டிருக்காங்க. அதைப் பார்க்கலாம்.