நூலகத்தை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பணிகளுக்கிடையிலும் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, தலைக்கு மேல் சுழலும் நான்கு மின்விசிறிகளையும் வாங்கிக் கொடுத்த அரிசி ஆலை உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே, நம் நூலகர் அவர்களே, கடைசி வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் பிடிக்காத, ஆனால் படிப்புப் பிடித்த பிள்ளைக்கு என்ன வழி? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்கிறேன்: திறந்தநிலைப் பள்ளி, தொழிற்கல்வி, பெற்றோரின் பயம்.

தானே கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா என்பார்கள். தலைமையாசிரியர் ஐயா கோபிக்கக் கூடாது, தங்களைச் சொல்லவில்லை. தானே கனிகிற பழத்தையும் சேர்த்து அடிக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஓர் ஊர். 1893-இல் அங்கே பிறந்த ஒரு பையன், வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வகுப்பிலிருந்து ஓடினான் என்று சொல்வார்கள். அத்தோடு பள்ளிக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! பையனுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா? நமக்கென்றால் நாலு நாள் பேசிவிட்டு மறந்திருப்போம். அவன் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தான். மேசை துடைத்தான், காசு சேர்த்தான், அந்த அதிகாரியைத் தேடிப் போய் வண்டியை விலைக்கு வாங்கினான். வாங்கியவன் ஏறி ஊர் சுற்றினானா? இல்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டான்! (கைதட்டல்) பிறகு மாட்டினான். மறுபடி கழற்றினான். அவன் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியரிங் அதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை ஓட்டினான். அந்த ஒரு பஸ் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர்தான் ஜி.டி. நாயுடு. பின்னாளில் தொழிற்கல்விக் கூடங்களுக்கே பொருள் கொடுத்தவர், ஒரு தொழிலைக் கற்க இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று அரசோடு வாதாடினார். தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டறையில் பயிற்றுநராக இருந்தவன் என்கிற முறையில், அவர் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

எல்லாப் பிள்ளையும் நாயுடு ஆகாது. ஓட்டலில் மேசை துடைக்கவும் யாரையும் நான் அனுப்பவில்லை. இன்று அதற்குத் தேவையும் இல்லை. தினமும் வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்து படித்துத் தேர்வெழுத, 1989 முதல் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. மத்திய அரசின் வாரியம். பதினான்கு வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். அந்தப் பாடங்களைப் பெரும்பாலும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். ஐந்து ஆண்டு அவகாசத்தில் ஒன்பது முறை எழுத வாய்ப்பு உண்டு. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம். தேறிய பாடம் தேறியதுதான். பதிவு செய்யுமுன் ஒன்று: பிள்ளை போக நினைக்கும் கல்லூரியும் வேலையும் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நம் மாநில வாரியத்திலேயே, பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம்; அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு ஓடுகிற பெற்றோர் பலர்.

தொழிற்கல்வி பற்றி ஒரு சொல்: பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேலும் விரிக்க நேரமில்லை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

உண்மையில் நான் சொல்ல வந்ததே வேறு. வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? ஒற்றை அறை வீடு, நாடகம் ஓடுகிற தொலைக்காட்சி, தம்பியின் அழுகை. தனி மேசை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தானா திறந்தநிலைப் பள்ளி? சென்னை மாகாணம் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றியது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். 1931-இலேயே மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இன்று நாம் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நம் கிளை நூலகமோ பிள்ளை வந்து சேருகிற மாலை நேரத்தில் கதவைச் சாத்துகிறது. தானே கனிவதற்கும் வெயில் படுகிற இடத்தில் மரம் நிற்க வேண்டுமே! நூலகரைக் குறை சொல்லவில்லை; அவர் ஒருவர்தான் கூட்டவும் வேண்டும், கணக்கெழுதவும் வேண்டும். இரண்டாவது ஆள் வேண்டும், இரவு ஒன்பது வரை விளக்கு எரிய வேண்டும், திறந்தநிலைப் பள்ளியின் பாட நூல்களுக்கு ஓர் அலமாரி வேண்டும்.

பெற்றோரின் பயத்தைப் பற்றி அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன். தானே கனியாததை என்று நான் மறுபடி தொடங்குமுன் நன்றியுரை சொல்லும் தம்பி எழுந்துவிட்டார். வாசல் மேசையில் மனு இருக்கிறது. நகர்மன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக மேடைக்கு வருமுன்பே சொல்லிவிட்டார்கள். மேடையில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது. பிள்ளைகளுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், வகுப்பையும் எழுதுங்கள். பள்ளிக்குப் போகாதவர்கள், எந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வணக்கம்.