படுக்கையை மறுபடி நனைக்கும் பிள்ளை: டைப் 1 சர்க்கரை நோயை அன்றே கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில்: பள்ளிச் சுவரில் ஒரு சுவரொட்டி]

இத்தாலியில் பார்மா மாகாணம். 1991இல் அங்கே பள்ளி பள்ளியாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். ராத்திரி படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம் என்பதுதான் அதன் முக்கியச் செய்தி. குழந்தை மருத்துவர்களுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவிகளும் கொடுத்தார்கள்.

1987 முதல் 1991 வரை அங்கே புதிதாக டைப் 1 கண்டறியப்பட்ட பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்தான கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் அது 12.5 சதவீதமாக இறங்கியது. புது மருந்து காரணமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

[திரையில்: கணையத்தின் படம்]

டைப் 1 நோயில் உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. பெற்றோர் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் தேங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போகிறது. அதனால்தான் ஓயாத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கைக்குழந்தை என்றால் டயப்பர் வழக்கத்தைவிடக் கனக்கும்.

இதையெல்லாம் கவனிக்காமல் விட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலம் சேரும். இதுதான் கீட்டோஅசிடோசிஸ். வாந்தி, வயிற்றுவலி, வேக வேகமாக மூச்சு. இந்தக் கட்டத்தில் அஜீரணம் என்றோ வீசிங் என்றோ நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிடும் அபாயம் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

[திரையில்: குளுக்கோமீட்டர், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்]

சரி, எப்படி உறுதி செய்வது? பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே அளவு கூடிவிடும். இந்த அறிகுறிகளோடு, எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோய். நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. அது காட்டுவது சில மாதச் சர்க்கரையின் சராசரி. நோய் வேகமாக வந்த பிள்ளைக்குக் குறைவாகக் காட்டலாம். உடல் பருமனான வளரிளம் பிள்ளைக்கு டைப் 1ஆ, பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் டைப் 2ஆ என்ற சந்தேகம் வந்தால், எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டிபாடி பரிசோதனை உதவும்.

[திரையில்: உலக வரைபடம்]

“எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லையே” என்பார்கள். டைப் 1 வரும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான். பின்லாந்தில் 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு 50க்கு மேல் புதிதாக வருகிறது. ஜப்பானில் 2 அல்லது 3தான். பின்லாந்தோடு ஒப்பிட்டால் இந்தியாவில் விகிதம் குறைவு. ஆனால் பிள்ளைகள் ஏராளம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 மதிப்பீட்டில், 20 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு டைப் 1. வேறெந்த நாட்டையும்விட அதிகம்.

தாகமும் மெலிவும் சேர்ந்து தெரிந்தால், “டாக்டர், இப்பவே சுகர் பாத்துடுங்க” என்று நீங்களே கேளுங்கள். அளவு அதிகமென்றால் அன்றைக்கே குழந்தைகள் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இன்சுலினை அங்கேயே தொடங்கிவிடுவார்கள்.